முப்பத்தெட்டு கிராம்

1

இந்தக் கதை டெல்பர்ட்டிடமிருந்து வந்தது. அவர் அதைக் கதையாகச் சொல்லவில்லை, புகாராகச் சொன்னார். மிச்சிகன் மாநிலத்து லபீர் ஊரில், எங்கள் சேகரிப்பாளர் சங்கம் கூடும் தொழிற்சங்கக் கட்டடத்தின் பின்னறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை. என் தட்டில் பான்கேக் ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தத் தராசத் தொட்டதே தப்பு" என்றார் டெல்பர்ட்.

அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்க முடியாததை நானே கற்பனையாக எழுதிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டினால் நீங்கள் கோட்டைத்தான் பார்ப்பீர்கள், கதையைப் பார்க்கமாட்டீர்கள். அதனால் போடவில்லை.

எங்கள் சங்கம் சின்னது. பழைய அமெரிக்கக் கார்களின் டைகாஸ்ட் மாதிரிகளை, அதாவது அச்சில் வார்த்த உலோகச் சிறு கார்களை, சேர்ப்பவர்கள் முப்பது பேர். உண்மைக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு, கையில் வைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. சங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. பெட்டியைத் திறப்பவர்கள், திறக்காதவர்கள். நான் திறப்பவன். என்னிடம் இருக்கும் பதினான்கில் ஒன்றுக்குப் பக்கக் கண்ணாடி இல்லை, இன்னொன்றின் டிக்கி மூடாது.

இந்தக் கதையின் நாயகர் எதிர்க்கட்சி. அவருக்கு நான் நியாயம் செய்வேனா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். வரட்டும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"ஹார்லன் டெப்கேயின் பார்வை நடுவிலிருந்து அழியத் தொடங்கிய ஆண்டில்..." அடித்துவிட்டேன். பார்வை போகும் கிழவர் என்றதும் நீங்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். ஹார்லன் அதற்கு ஏற்ற ஆள் இல்லை. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். மாட்டிக்கொண்டால் அடுத்தவர்மேல் பழி போடுவார்.

"ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் கார்கள்..." இதை நான் முடிக்கவே இல்லை. இப்படித் தொடங்கும் எதையும் நான் படித்து முடித்ததும் இல்லை.

"பெட்டியின் எடை முப்பத்தெட்டு கிராம் கூடியிருந்தது."

இது நிற்கும். ஆனால் எந்தப் பெட்டி, யார் எடை போட்டார்கள் என்று தெரியாமல் முப்பத்தெட்டு கிராம் உங்களுக்குக் கனக்காது. ஆகவே நான்காவது தொடக்கம், அலங்காரம் இல்லாமல்:

ஹார்லனுக்கு எழுபத்து மூன்று வயது. உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தார். சுற்றிலும் கார் செய்யும் ஊர்கள். அவர் மட்டும் வேலை நேரத்தில் ஒரு காரைக்கூடப் பார்த்ததில்லை. பெட்டிகளைப் பார்த்தார். பெட்டிமேல் எண் இருக்கும். எண் சரி, எடை சரி என்றால் உள்ளே இருப்பதும் சரி. பிரித்துப் பார்ப்பது கிடங்கில் குற்றம். வீட்டிலும் அதே சட்டத்தை வைத்துக்கொண்டார்.

மாதிரிக் கார் வாங்கிய அன்றே பெட்டியைச் சமையலறைத் தராசில் வைப்பார். எடையையும் தேதியையும் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதுவார். பெட்டியின் வாயை மூடி ஒட்டியிருக்கும் வட்ட ஸ்டிக்கரை விரலால் ஒருமுறை தடவுவார். பிறகு அது நிலவறை அலமாரிக்குப் போகும். இருபத்தாறு ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்றின் உள்ளேயும் அவர் பார்த்ததில்லை.

3

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவரும் ஒரு மாதிரியைக் கையில் ஏந்தி எழுந்து நின்று விவரம் சொல்ல வேண்டும். ஆண்டு, நிறம், எஞ்சின், அந்த வரிசையில் எத்தனையாவது. மற்றவர்கள் காரை ஏந்துவார்கள். ஹார்லன் பெட்டியை ஏந்துவார்.

"உள்ள உருளக்கெழங்கு இருந்தாக்கூட உனக்குத் தெரியாதுய்யா" என்பார் டெல்பர்ட். அவர்தான் செயலாளர்.

"உருளக்கெழங்குன்னா எடை காட்டிக்குடுத்துரும்."

"கார் எடைக்குச் சரியா ஒரு கெழங்கு இருந்தா?"

"அப்படி ஒரு கெழங்கு கெடச்சா அதையும் தொறக்காம வெச்சுக்குவேன்."*

* இவர்கள் பேசியது இப்படி இல்லை என்று உங்களில் யாராவது சொல்லலாம். மிச்சிகனில் யாரும் 'யோவ்', 'ய்யா' என்பதில்லை. ஆனால் டெல்பர்ட் ஹார்லனைக் கூப்பிடும் தொனிக்குத் தமிழில் வேறு சொல் கிடையாது. தேடிவிட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹார்லனின் விழித்திரை நடுவில் பழுதாக ஆரம்பித்தது. நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். ஓரங்கள் தெரியும். ஆகவே அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. காதுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் பார்ப்பார். அப்போதுதான் முகம் தெரியும். புதியவர்கள் தங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த செப்டம்பரில் டாக்டர் ஒரு கணக்கு சொன்னார். வசந்தம்வரை நிறமும் உருவமும் தெரியும். அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும்.

அதே மாதத்தில்தான் ரோஸான் வந்தார். மாவட்ட அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். இருநூற்றுப் பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு ஓர் அறை தருவதாகச் சொன்னார். வாசலில் பித்தளைப் பலகை, அதில் ஹார்லன் டெப்கே என்று பெயர். ஒரே நிபந்தனை: பெட்டிகள் திறக்கப்படாதவையாக இருக்க வேண்டும். திறந்த கார்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒரு மனிதர் இருபத்தாறு ஆண்டு திறக்காமல் வைத்திருந்தது எங்கும் இல்லை. நிர்வாகக் குழுவுக்கு அதுதான் வேண்டும். அப்படி எழுதிய தாளில் ஹார்லன் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பலகை ஹார்லனுக்கு வேண்டியிருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்த கிடங்கை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே புல் இருக்கிறது. தபால்பெட்டியைத் தவிர அவர் பெயர் எங்கும் எழுதப்பட்டதில்லை.

4

கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் மறுபடி எடை போடுவது என்று ஹார்லனே முடிவு செய்தார். யாரும் கேட்கவில்லை. கிடங்குக்காரர் சரக்கை அனுப்பும்முன் எடை போடாமல் அனுப்பமாட்டார்.

தராசின் எண் அவருக்குத் தெரியாது. டெல்பர்ட் படிக்க வந்தார். நவம்பர் முதல் வியாழன், காலை ஒன்பது மணி. ஹார்லன் நிலவறையிலிருந்து பெட்டிகளை மேலே கொண்டுவந்தார். அவர் மனைவி வெல்மா அடுப்பருகே நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அடியில என்ன எழுதியிருக்கு?"

"தொள்ளாயிரத்து எண்பத்தாறு."

"தராசு?"

"தொள்ளாயிரத்து எண்பத்தேழு. யோவ், நூத்திமுப்பது பெட்டி ஆச்சு. அட்ட ஈரம் குடிச்சு ஒரு கிராம், ரெண்டு கிராம், அதுக்கு மேல ஒண்ணு நகரல. நீ மனுஷனா, ஃப்ரிஜ்ஜா?"

"படி."

"காபி?"

"நூத்தம்பது முடியட்டும்."

"வெல்மா, இந்த ஆளு எனக்குக் காபி குடுக்க மாட்டேங்குறாரு."

"எனக்கு மட்டும் குடுக்குறாரா?" என்றார் வெல்மா, திரும்பாமல்.

நூற்றுநாற்பத்து நான்காவது பெட்டி ஐம்பத்தேழாம் ஆண்டு பெல் ஏர், கூரையில்லாதது.

"எழுதியிருக்கறது தொள்ளாயிரத்து எழுபத்து நாலு."

"தராசு?"

டெல்பர்ட் பெட்டியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ஆயிரத்துப் பன்னண்டு."

"சரியாப் படி."

"சரியாத்தான் படிக்கிறேன். முப்பத்தெட்டு கூடியிருக்கு. ஈரமா இருக்குமோ?"

"முப்பத்தெட்டா? கொளத்துலயா வெச்சிருந்தேன்?"

அடுத்த பெட்டியும் பெல் ஏர்தான். அதே ஆண்டு, அதே கம்பெனி, அதே அளவு பெட்டி. ஆனால் கூரை உள்ளது. அடியில் ஆயிரத்துப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. தராசு தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு என்றது.

டெல்பர்ட் சிரித்தார். "மாறிப் போச்சுய்யா! கூரை இருக்கறது அதுல, இல்லாதது இதுல. கூரைதான் முப்பத்தெட்டு கிராம்."

ஹார்லன் சிரிக்கவில்லை. "வந்த அன்னைக்கு எடை சரியா இருந்துச்சு. நான்தான் போட்டேன்."

"அப்ப வந்தப்புறம்தான்..." என்று ஆரம்பித்த டெல்பர்ட் பாதியில் நிறுத்தினார். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவர் எழுந்து கோட்டைத் தேடினார்.

"நான் கெளம்புறேன்."

"இன்னும் அறுபத்தேழு இருக்கு" என்றார் ஹார்லன்.

"நான் எதையும் படிக்கல. எனக்கும் இப்பல்லாம் கண்ணு சரியில்ல. ரெண்டையும் மாத்தி வெச்சிரு, கையெழுத்தப் போடு, முடிஞ்சு போச்சு."

"காபி குடிச்சிட்டுப் போ, டெல்பர்ட்" என்றார் வெல்மா.

"வேணாம் வேணாம். வயிறு சரியில்ல."

5

இங்கே முதல் பிரதியில் வெல்மா ஒரு கோப்பையைக் கீழே போட்டார். டெல்பர்ட் எண்ணைப் படித்ததும் கோப்பை உடைந்தது. படிப்பவருக்கு ஒரு குறிப்பு வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கோப்பையை எடுத்துவிட்டேன். வெல்மாவை எனக்குத் தெரியும். கார் சீட்டுகளுக்கு இருபத்திரண்டு ஆண்டு தையலும் ஒட்டும் போட்டவர். அவர் கையிலிருந்து எதுவும் விழாது. அவர் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். தேவைக்கு மேல் பிசைந்தார் என்று வேண்டுமானால் சேர்க்கலாம். [சேர்க்கவில்லை.]

டெல்பர்ட்டின் கார் தெருவில் இறங்கும் சத்தத்தை ஹார்லன் கேட்டார். பிறகு மனைவியின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான்."

"இந்த ரெண்டு மட்டுமா?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாம். இருநூத்திப் பன்னண்டு. போன ஜூன்ல முடிஞ்சுது."

ஹார்லன் நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார்ந்தார்.

"எப்போ செஞ்ச?"

"நீ கிளப்புக்குப் போற சனிக்கெழம. மாசத்துக்கு ஒண்ணு. தல காயவைக்கிற மெஷின்ல சூடு காட்டுனா ஒட்டு எளகிரும். அப்புறம் பிளேடு. பாத்துட்டு அப்படியே திருப்பி ஒட்டிருவேன்."

"ஸ்டிக்கர் கிழியலையே. நான் தடவிப் பாத்திருக்கேன்."

"இத்தன வருஷம் சீட்டு ஒட்டுனவளுக்கு ஒரு ஸ்டிக்கரா பெரிசு?"

"பதினேழு வருஷம்" என்றார் ஹார்லன்.

"பதினெட்டு. பனியில சில மாசம் உனக்குக் கூட்டம் இல்ல."

"எதுக்கு?"

"எதுக்கா? கீழ எறங்குனா இருநூறு பெட்டி. ஒண்ணையும் பாக்கக்கூடாது. இது வீடா, கஸ்டம்ஸ் ஆபீஸா?"

"கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

 என்ன சொல்லியிருப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அந்த ரெண்டு எப்படி மாறிச்சு?"

"அன்னைக்கு மட்டும் ரெண்டு எடுத்தேன். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்னு. நீ சீக்கிரம் வந்துட்ட. கராஜ் கதவு சத்தம் கேட்டுச்சு. கெடச்ச பெட்டியில திணிச்சேன். அப்புறம் பிரிச்சு மாத்தலாம்னா ரெண்டாவது தடவ ஸ்டிக்கர் தாங்காது."

ஹார்லன் யோசித்தார். "பனி பேஞ்ச அன்னைக்கு. கூட்டத்த பாதியில முடிச்சாங்க."

"ஆமா. பனி."

6

இப்போது நான் ஹார்லனைச் சந்தேகிக்க வேண்டும். முறை அவருடையது.

இரண்டு நாள் அவர் வெல்மாவிடம் பேசவில்லை. ஏன்? பெட்டிகளின் மதிப்பு போனதாலா? அவர் எதையும் விற்க நினைத்ததில்லை. ஏமாற்றப்பட்டதாலா? சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவருக்கு அந்த உரிமை பாதிதான் உண்டு. நான் பல காரணங்கள் எழுதினேன். எல்லாம் அறிவாளித்தனமாக இருந்தன. கடைசியில் வெல்மாவிடமே கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: "பொறாம."

ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில், ஹார்லன் வாய் திறந்தார்.

"அந்த அறுபத்து மூணு ரிவியேரா."

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

"நாலும் தனித்தனி சீட்டு. பழுப்பு. தையல் மோசம். அச்சுல கோடு கோடா ஊத்தி வெச்சிருக்கான். தையல் போற திசை கூடத் தெரியல அவனுக்கு."

"நான் காரக் கேட்டேன்."

"கார்தான் பெட்டி மேல படம் போட்டிருக்கே. அத எதுக்கு நான் பாக்கணும்? நான் உள்ள பாத்தேன்."

"எல்லாத்துலயும் சீட்ட மட்டும்தான் பாத்தியா?"

"கதவத் தொறந்து, டார்ச் அடிச்சு. நல்லாத்தான் பாத்தேன்."

"ஐம்பத்து மூணு ஹட்சன்?"

"மாட்டுத்தோல் மாதிரி ஒரு செவப்பு. முன்சீட்டு ஒரே பலக. மோசமில்ல."

"ஐம்பத்தொம்பது கேடிலாக்?"

"வெள்ள. அழுக்குப் படாத வெள்ள. அத மட்டும் ரெண்டு தடவ பாத்தேன்."

ஹார்லன் கேட்டுக்கொண்டே போனார். வெல்மா சொல்லிக்கொண்டே போனார். சூப் ஆறியது. முதல் பிரதியில் ஒரு கட்டத்தில் ஹார்லன் கண்கலங்கினார். அதையும் எடுத்துவிட்டேன். அவர் உண்மையில் செய்தது வேறு: நாற்பதாவது காருக்குப் பிறகு, கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தார்.

"டாக்டர் வசந்தம்னாரு" என்றார்.

"தெரியும்."

"செவ்வாக்கெழம கையெழுத்து."

"அதுவும் தெரியும். போட்டா பெட்டியெல்லாம் போயிரும். போடலன்னா அறை போயிரும்."

"போட்டா பொய்யும் சொல்லணும்."

"ஒரு வரிதானே."

"நீ என்ன சொல்ற?"

"நான் பாத்துட்டேன், ஹார்லன்" என்றார் வெல்மா. "எனக்கு ஓட்டு கெடையாது."

7

முடிவுகள். இவை என் மேசையில் இருக்கின்றன. உங்களுக்குக் காட்டுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

முதலாவது, டெல்பர்ட்டுக்குப் பிடித்தது. ஹார்லன் இரண்டு பெட்டிகளையும் வெல்மாவிடம் தந்து மாற்றி ஒட்டச் சொல்கிறார். தாங்காது என்ற ஸ்டிக்கர் அன்று தாங்குகிறது. கையெழுத்துப் போடுகிறார். அறை திறக்கிறது. எங்கள் சங்கம் முழுவதும் கோட் போட்டுக்கொண்டு போகிறது. பித்தளைப் பலகையை ஹார்லன் தடவிப் பார்க்கிறார். உள்ளே சுவர் முழுக்கப் பெட்டிகள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. இதை எழுதி முடித்தபோது ஹார்லன் அந்த அறையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று கவனித்தேன். நான் பேசவைக்க முயன்றேன், வாக்கியம் பாதியில் நின்றது: அவர்

இரண்டாவது, என் கட்சிக்குப் பிடித்தது. திங்கட்கிழமை பகல் முழுக்க இருவரும் பெட்டிகளைப் பிரிக்கிறார்கள். சமையலறைத் தரை, படிக்கட்டு, சோபா, எங்கும் கார்கள். ஹார்லன் தரையில் படுத்துக்கொண்டு ஓரக்கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்கும் கை பரபரத்தது. ஆனால் முப்பத்தொரு ஆண்டு கிடங்கில் நின்றவர் ஒரே பகலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளைப் பிரிக்கமாட்டார். பிரித்தால் அது ஹார்லன் இல்லை, நான்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அது செவ்வாய்க்கிழமை நடந்தது.

8

காலை பத்து மணிக்கு ரோஸான் வந்தார். தாளோடு ஒரு துணிப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். மேசையில் பிரித்தார். பித்தளைப் பலகை.

"நேத்துதான் செஞ்சு வந்துச்சு, சார். உங்ககிட்ட முதல்ல காட்டணும்னு தோணிச்சு."

ஹார்லன் எழுத்துகளைத் தடவினார். ஒவ்வொன்றாக, பெயரின் முதலிலிருந்து கடைசிவரை. பிறகு மறுபடி முதலிலிருந்து.

"நல்லா ஆழமா வெட்டியிருக்கான்."

"இங்க ஒரு கையெழுத்து சார்." ரோஸான் பேனாவைக் கொடுத்து, அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தார்.

"இதுல தொறக்கவே இல்லன்னு எழுதியிருக்கா?"

"ஆமா சார். மூணாவது வரி."

"அது சரியில்ல."

"எது?"

"தொறந்தாச்சு. எல்லாத்தையும்."

வெல்மா குழாயை மூடினார். "ரோஸான்," என்று ஆரம்பித்தார், "அது நான்..."

"நான்தான் தொறந்தேன்" என்றார் ஹார்லன். "மாசத்துக்கு ஒண்ணு. சனிக்கெழமையில. பிளேடு வெச்சு."

வெல்மா அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார், காதுக்கு ஒரு சாண் தள்ளி.

[இந்த இடம்வரை மூன்று பேரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஏன் அப்படிச் சொன்னார் என்பதில்தான் பிரிகிறார்கள். தன்மேல் பழி வராமல் காப்பாற்றவே ஹார்லன் அப்படிச் சொன்னதாக வெல்மா சொல்கிறார். நேர்மையானவர், மனச்சாட்சி கேட்டிருக்காது என்று ரோஸான் சொல்கிறார். ஹார்லனிடம் கேட்டேன். "அவ மட்டும் பாத்தான்னு ஊருக்குத் தெரியணுமா?" என்றார்.]

ரோஸான் பேனாவை மூடிவைத்தார். கோபப்படவில்லை. நல்ல பெண்.

"தொறந்தது தப்பே இல்ல, சார். ஆனா கமிட்டி ஒத்துக்காது."

"ஒத்துக்கக்கூடாது."

"மன்னிச்சுக்குங்க."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற?"

பலகையை ரோஸான் மறுபடி துணியில் சுற்றினார். சுற்றுவதற்கு நேரம் எடுத்தது. ஹார்லனின் கை மேசையில், பலகை இருந்த இடத்தில், அப்படியே இருந்தது. வெல்மா காபி ஊற்றினார், கேட்காமலே. மூவரும் குடித்தார்கள். நெடுஞ்சாலையில் மான் குறுக்கே வந்ததைப் பற்றி ரோஸான் பேசினார். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

கதவருகே நின்றார். அவர் கேட்டதில் எந்த உள்நோக்கமும் இல்லை. இத்தனைக்கும் பிறகு ஏதாவது நல்லதாகக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார்.

"இவ்வளவையும் தொறந்து பாத்திருக்கீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

இருநூற்றுப் பன்னிரண்டின் ஆண்டும் நிறமும் எஞ்சினும் வரிசை எண்ணும் அவருக்கு மனப்பாடம். இந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பெட்டியின்மேலும் அச்சாகவில்லை.

ஹார்லன் சொன்னார்: "இன்னும்

9

இங்கே நிறுத்துகிறேன். முடிக்கத் தெரியாமல் இல்லை. நான்கு விதமாக முடித்தேன், நான்கும் நன்றாகவே வந்தன. ஆனால் நான் திறப்பவன். நான் முடித்தால் என் கட்சி வென்றதாக ஆகிவிடும். திறக்காமலே விட்டால் அவர் கட்சிக்கு நான் தோற்றுக்கொடுத்ததாக ஆகும். ஹார்லனுக்கு இரண்டுமே பிடிக்காது.

ஆகவே வாக்கியம் உங்களுடையது. நவம்பர் இரண்டாவது வாரம். டாக்டர் சொன்ன கணக்கில் ஐந்து மாதம் இருக்கிறது. நிலவறையில் பெட்டிகள் இருக்கின்றன, எல்லாம் ஒட்டியபடி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரோஸான் நீங்கள் எதை எழுதினாலும் நம்புவார், கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரை வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்தச் சமையலறையில் இருநூற்றுப் பன்னிரண்டையும் பார்த்த ஒருவர் இருக்கிறார். வாக்கியம் அவரிடம் தேற வேண்டும்.

வெல்மா கையைத் துடைத்துவிட்டார். காத்திருக்கிறார்.